வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்: அப்பா தவறின வருஷம் இந்தப் பாட்டோட நான் பட்ட பாடு

கிரீன் டேங்கிற அமெரிக்க ராக் பேண்டோட 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' (செப்டம்பர் முடிஞ்சதும் என்னை எழுப்பு) பாட்டுக்கு என்ன அர்த்தம்னு நடுராத்திரியில தேடிக்கிட்டு இருக்கிற ஆளா நீங்க? அதுவும் வீட்ல யாரையாவது பறிகொடுத்துட்டுத் தேடுறீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான். 2023ல யாராவது எனக்கு இதெல்லாம் சொல்லியிருந்தா ஆயிரத்துச் சொச்சம் டாலரும் பல மாசத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். வெறும் பாட்டு பத்தி மட்டும் படிக்க வந்தவங்களுக்கும் உள்ள விஷயம் இருக்கு, ஆனா நடுநடுவுல லீவு, விசா, கவுன்சிலிங்னு போவேன், பொறுத்துக்கோங்க.

2023 கோகுலாஷ்டமிக்கு மறுநாள் அப்பா தவறிட்டாரு. கோவில்பட்டியில காலையில டீ குடிச்சிட்டு பேப்பர் படிச்சிட்டு இருந்தவரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான் இங்க கலிபோர்னியாவுல, ரிச்மண்ட்ல, தனியா ஒரு சின்ன அப்பார்ட்மெண்ட்ல. அண்ணன் போன் பண்ணும்போது இங்க சாயங்காலம், நான் சிங்க்ல பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். பாஸ்போர்ட்ல இருந்த விசா ஸ்டாம்பிங் காலாவதி ஆகியிருந்துச்சு, அதுக்கு நடுவுல கம்பெனியும் மாறியிருந்தேன். ஊருக்குப் போனா திரும்பி வர அப்பாயின்ட்மெண்ட் எப்போ கிடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியல. அம்மாவே "நீ வராதய்யா, வந்து மாட்டிக்கிட்டன்னா அப்பா மனசு அதுக்கும் சேர்த்து அடிச்சுக்கும்"னு சொல்லிட்டா. கொள்ளி வச்சது அண்ணன். நான் பாத்தது வீடியோ கால்ல, அதுவும் சித்தப்பா பையன் கை நடுங்கினதுல பாதி நேரம் வானம்தான் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. விசா மேல, என் மேல, போனை ஒழுங்காப் பிடிக்காத அந்தப் பையன் மேல.

இங்க ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா எனக்கு யாரும் சொல்லல. நான் மறுநாளே லாப்டாப் திறந்து மீட்டிங்ல உக்காந்தேன். கலிபோர்னியாவுல 2023 ஜனவரியில இருந்து சட்டம் இருக்கு, அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எந்தக் கம்பெனியா இருந்தாலும், நீங்க சேர்ந்து 30 நாள் ஆகியிருந்தா, அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, தாத்தா பாட்டி, மாமனார் மாமியார்னு யார் தவறினாலும் 5 நாள் வரைக்கும் லீவு கொடுத்தாகணும். அஞ்சும் சேர்த்து எடுக்கணும்னு இல்ல, மூணு மாசத்துக்குள்ள பிரிச்சுப் பிரிச்சு எடுத்துக்கலாம், காரியம் எல்லாம் வேற வேற நாள்ல வர்ற நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப உதவும். சம்பளம் உண்டா இல்லையாங்கிறது கம்பெனி பாலிசியைப் பொறுத்தது, இல்லன்னா உங்க கணக்குல சேர்ந்திருக்கிற லீவைப் பயன்படுத்திக்கலாம். சாவு வெளிநாட்டுல நடந்திருந்தாலும் இது செல்லும். டெத் சர்டிஃபிகேட் கேட்டாங்கன்னா ஊர்ல இருந்து ஸ்கேன் பண்ணி வாங்கி வச்சுக்கோங்க.

சரி, பாட்டுக்கு வர்றேன். இந்தப் பாட்டு எனக்குக் காலேஜ் ஹாஸ்டல்லயே பழக்கம். ஒருத்தன் பென் டிரைவ்ல கொண்டு வந்த வீடியோவத்தான் முதல்ல பாத்தேன். ஒரு பையன், ஒரு பொண்ணு, காதல், பையன் ராணுவத்துல சேர்ந்துடுறான், பொண்ணு கதறுது, அப்புறம் ஈராக் சண்டை. அதனால ரொம்ப வருஷமா இது போர் பத்தின பாட்டுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். அப்பா போன ரெண்டாவது வாரமோ என்னமோ, ஏதோ ஆப்ல தானா ஓடிக்கிட்டு இருந்த லிஸ்ட்ல இது வந்துச்சு, நடுவுல அப்பாங்கிற வார்த்தை காதுல விழுந்துச்சு. இத்தனை வருஷம் கேட்டும் அந்த வார்த்தை எனக்கு விழுந்ததே இல்ல. அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்த அர்த்தம் தேடுற வியாதி.

தேடினா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஈராக் போர்ங்கிறாங்க, நியூயார்க் இரட்டைக் கோபுரம்ங்கிறாங்க, கத்ரீனா புயல்ங்கிறாங்க, காதல் தோல்விங்கிறாங்க, போதையில இருந்து மீள்றதுங்கிறாங்க. ஒவ்வொண்ணையும் அடிச்சு சத்தியம் பண்ற மாதிரி எழுதியிருக்காங்க. தூக்கம் இல்லாத மண்டைக்கு இது எல்லாமே உண்மை மாதிரி படும், ஒரு நாள் இது, ஒரு நாள் அது. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, பாட்டு வேற, வீடியோ வேற, ஊர் அந்தப் பாட்டை எதுக்குப் பயன்படுத்துச்சுங்கிறது வேற, மூணையும் தனித்தனியா வைக்கணும். போர்க்கதை வீடியோவை எடுத்த சாமுவேல் பேயரோடது, நிர்வானா பேண்டோட முதல் பெரிய ஹிட் வீடியோவை 1991ல எடுத்த அதே ஆள்தான். பாட்டு வரிகள்ல துப்பாக்கியும் இல்ல, ராணுவமும் இல்ல. கத்ரீனா கதை எப்படி வந்துச்சுன்னா, 2005 ஜூன்ல ஆல்பத்துல இருந்து இது தனிப் பாட்டா (சிங்கிள்) வெளியாகுது, ஆகஸ்ட் கடைசியில நியூ ஆர்லியன்ஸ் மூழ்குது, யாரோ ஒருத்தர் புயல் நியூஸ் காட்சிகளோட இந்தப் பாட்டைச் சேர்த்து நெட்ல போட அது காட்டுத்தீயாப் பரவுது, பேண்டும் புயல் நிவாரண நிகழ்ச்சியில இதையே பாடுறாங்க. ஆனா பாட்டு இருக்கிற 'அமெரிக்கன் இடியட்' ஆல்பம் வந்ததோ 2004 செப்டம்பர்ல. புயல் அடிச்சதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எழுதின பாட்டு புயலைப் பத்தி எப்படி இருக்கும்? வெளியான தேதியை மட்டும் பாத்திருந்தா அந்த ஒரு ராத்திரியாவது எனக்கு மிச்சம். நீங்களும் எந்தப் பாட்டுக்கு அர்த்தம் தேடினாலும் முதல்ல தேதியைப் பாருங்க, அடுத்தது எழுதினவரே என்ன சொல்லியிருக்காருன்னு பாருங்க, அதுக்கப்புறம் மத்தவங்க கிட்ட போங்க. நான் இதைத் தலைகீழாப் பண்ணினேன்.

எழுதினவரு பேண்டோட பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், இது தன் அப்பாவைப் பத்தின பாட்டுன்னு அவரே சொல்லியிருக்காரு. அப்பா பேரு ஆண்டி, லாரி டிரைவர், ஜாஸ் டிரம்ஸும் வாசிப்பாரு. 1982 செப்டம்பர்ல உணவுக்குழாய்ப் புற்றுநோய்ல போயிட்டாரு. அப்போ பில்லி ஜோவுக்கு வயசு 10, ஆறு பிள்ளைங்கள்ல கடைக்குட்டி. முதல் கிட்டார் வாங்கிக் கொடுத்ததே அந்த அப்பாதான். அம்மா ஹோட்டல்ல சர்வர் வேலை பாத்துக் குடும்பத்தை ஓட்டினாங்க, வல்லேஹோங்கிற ஊர்ல அவங்க வேலை பாத்த ஹோட்டல்லதான் 1987ல பேண்டோட முதல் கச்சேரியே நடந்துச்சு. இந்தத் தலைப்புக்கு ஒரு கதை சொல்லுவாங்க. அப்பாவை அடக்கம் பண்ணின அன்னைக்குப் பையன் வீட்டுக்கு ஓடிப்போய் ரூம்ல கதவைப் பூட்டிக்கிட்டானாம், அம்மா வந்து தட்டினப்போ செப்டம்பர் முடிஞ்சதும் எழுப்புன்னு உள்ள இருந்தே சொன்னானாம். இதைப் படிச்சதும்தான் எனக்கு முதல்தடவையா அழுகை வந்துச்சு. கோவில்பட்டிக்கு வராத அழுகை எவனோ ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு வருதேன்னு அதுக்கும் ஒரு குற்ற உணர்ச்சி வேற.

பில்லி ஜோ வளர்ந்த ரொடேயோ என் வீட்ல இருந்து கார்ல கால் மணி நேரம்தான். எண்பதாம் நம்பர் ஹைவேல வடக்க போனா இடதுபக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையோட தொட்டியெல்லாம் தெரியும், அதுதான் ஊர். ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். எதுக்குப் போனேன்னு கேட்டா பதில் இல்ல. ஊர்ல பாக்க ஒண்ணும் இல்ல, கடல் பக்கம் கொஞ்ச நேரம் நின்னுட்டு பெட்ரோல் வாசனையோட வந்துட்டேன். அப்படிப் போய்ப் பாக்கணும்னு தோணுச்சுன்னா போயிட்டு வந்துடுங்க, அதுக்கு ரெண்டு கேலன் பெட்ரோல் செலவு, அவ்வளவுதான். நான் ஏமாந்தது வேற இடத்துல.

பாட்டு மூலமா துக்கத்துல இருந்து மீள்றதுன்னு ஒரு ஆன்லைன் கோச்சிங். பேரு வேண்டாம். நான் தேடினதெல்லாம் அப்படி இருந்ததால விளம்பரம் என்னையே தேடி வந்துச்சு. மொத்தம் 1,200 டாலர், முன்பணமாவே முழுசும் கட்டணும், திருப்பித் தரமாட்டோம்னு பொடி எழுத்துல போட்டிருந்தாங்க. உங்களைப் பாதிச்ச ஒரு பாட்டைக் கொண்டு வாங்கன்னாங்க, நான் இதைக் கொண்டு போனேன். கோச்சா இருந்த அம்மா கேட்டுட்டு, இந்தப் பாட்டு துக்கத்தோட அஞ்சு கட்டத்துல முதல் கட்டம், அதாவது மறுப்பு, பாடுறவரு நடந்ததை ஏத்துக்காம தூங்கப் பாக்குறாரு, நீங்களும் அங்கதான் மாட்டியிருக்கீங்க, அடுத்த கட்டத்துக்குப் போக வேற பாட்டு லிஸ்ட் தர்றேன்னாங்க. பாவம் கெட்டவங்க இல்ல, ஆனா அந்த லிஸ்ட்டைக் கேட்டுக்கிட்டே நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்னு தினமும் என்னையே பரீட்சை வச்சுக்கிட்டதுதான் மிச்சம். கோவம் வந்தா சந்தோஷப்படுவேன், ஆஹா ரெண்டாவது கட்டம் வந்துருச்சேன்னு. பைத்தியக்காரத்தனம்.

அந்த அஞ்சு கட்டத்தைச் சொன்னது எலிசபெத் கூப்ளர்-ராஸ்ங்கிற டாக்டர், 1969ல. அவங்க பேசினது தனக்கு சாவு நெருங்கிடுச்சுன்னு தெரிஞ்ச நோயாளிங்க கிட்ட. சாகப்போறவங்க மனசு எப்படிப் போகுதுங்கிறதைப் பாத்து எழுதினதை, பின்னாடி இழந்தவங்களுக்கும் சேர்த்துப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. வரிசையா படியேறுற மாதிரி எல்லாருக்கும் நடக்கும்னு அதுக்கு அர்த்தமே இல்ல. இதை எனக்குச் சொன்னது ஒரு நிஜமான தெரபிஸ்ட், அதுவும் காசு இல்லாம. பல கம்பெனியில ஊழியர் உதவித் திட்டம்னு ஒண்ணு இருக்கும், சில செஷன் இலவசம், எச்.ஆர். போர்ட்டல்ல எங்கயோ மூலையில கிடக்கும், தேடி எடுங்க. அதே மாதிரி ஹாஸ்பிஸ்னு, கடைசிக் காலத்துல இருக்கிற நோயாளிங்களைப் பாத்துக்கிற அமைப்புங்க நிறைய இடத்துல துக்கத்துல இருக்கிறவங்களுக்குக் குழு நடத்துறாங்க, அவங்க கிட்ட சிகிச்சை எடுத்த நோயாளியோட குடும்பமா இல்லாட்டியும் பல இடத்துல சேர்த்துக்கிறாங்க, போன் பண்ணிக் கேட்டா சொல்லிடுவாங்க. காசு கொடுத்தே போறதுன்னாலும் லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க. கலிபோர்னியாவுல குடும்ப நல தெரபிஸ்ட், கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர் எல்லாரோட லைசன்ஸையும் அரசு வெப்சைட்லயே பேரை வச்சுத் தேடிப் பாக்கலாம். கோச்னு போட்டுக்கிறதுக்கு எந்த லைசன்ஸும் தேவையில்ல. ஒருவேளை உயிரோட இருக்கவே பிடிக்கலங்கிற அளவுக்குப் போச்சுன்னா, இங்க 988 அடிங்க, எந்த நேரமும் எடுப்பாங்க.

அந்த கோச் சொன்ன அர்த்தத்தை என்னால ஏத்துக்கவே முடியல, அது ஏன்னு யோசிச்சதுலதான் பாட்டு எனக்கு நிஜமா பிடிபட ஆரம்பிச்சுச்சு. பாட்டோட முதல் பகுதியில அப்பா போய் ஏழு வருஷம் ஓடிருச்சுன்னு ஒரு கணக்கு வருது. கடைசியில அதே பகுதி திரும்பி வரும்போது மத்ததெல்லாம் அப்படியே இருக்க ஏழு மட்டும் இருபதா மாறியிருக்கும். 1982ஓட இருபதைக் கூட்டினா 2002, ஆல்பம் வேலை நடந்த காலத்துக்கு ரொம்பப் பக்கம். ஆனா கேக்குறது மட்டும் மாறல, அதே மாதிரி மாசம் முடிஞ்சதும் எழுப்புங்கிறதுதான். பத்து வயசுப் பையன் கேட்டதை முப்பது வயசு ஆளு, கல்யாணமாகி ரெண்டு பையன் இருக்கிற ஆளு, உலகமே கொண்டாடுற பாடகன், அதே மாதிரி கேக்குறாரு. அது மறுப்புன்னா இருபது வருஷ மறுப்பா? அப்பா இல்லைங்கிறது அந்த ஆளுக்கு நல்லாவே தெரியும், வரிக்கு வரி தெரியுது. செப்டம்பர் வருஷா வருஷம் வரும்ங்கிறதும் தெரியும். எழுப்பச் சொல்றவனுக்கு எழுந்திருக்கிற எண்ணம் இருக்குன்னுதானே அர்த்தம். ஒரு மாசத்தை மட்டும் விட்டுக் கொடுங்க, மீதி பதினோரு மாசம் நான் பாத்துக்கிறேன்னு கேக்குற மாதிரிதான் எனக்குப் படுது. இது என் வாசிப்பு, பில்லி ஜோ இப்படிச் சொல்லல.

கிட்டார் வாசிக்கிறவங்க ஒரு விஷயம் கவனிங்க. ஆரம்பத்துல ஜி கார்ட் மேல அசையாம நிக்கும், கீழ பேஸ் மட்டும் ஒவ்வொரு நோட்டா இறங்கிட்டே வரும். அப்புறம் சி மேஜர், உடனே சி மைனர், அப்புறம் திரும்பவும் ஜி. சி மேஜருக்கும் மைனருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஸ்வரம், அது அரைப்படி இறங்குது, வயித்துல ஏதோ செய்யுறது அந்த இடத்துலதான். வார்த்தையே புரியாத எங்க அம்மா போன்ல இதைக் கேட்டுட்டு, என்னய்யா இது ஒப்பாரி மாதிரி இருக்குன்னா. நான் மாசக்கணக்கா வார்த்தையையே தோண்டிக்கிட்டு இருந்தேன், அம்மா அரை நிமிஷத்துல சொல்லிட்டா.

இன்னொரு சிக்கலும் இருக்கு, அந்த ஆல்பம் முழுக்க ஒரே கதை. 13 பாட்டுல இது 11வது, ஆல்பத்தோட கதையில வர்ற பொண்ணு நாயகனை விட்டுட்டுப் போற பாட்டுக்கு அடுத்து வருது. அதனால காதல் பிரிவுங்கிறவங்க சொல்றதும் சுத்தப் பொய் இல்ல, கதைக்குள்ள அந்த வேலையையும் இது பாக்குது. ஒரே பாட்டு சொந்தத் துக்கமாவும் கதாபாத்திரத்தோட துக்கமாவும் இருக்க முடியும்னு எனக்குப் புரிஞ்சதுக்கப்புறம், நெட்ல முகம் தெரியாத ஆளுங்களோட சண்டை போடுறதை விட்டேன். அதுல போன நேரத்துக்குக் கணக்கே கிடையாது, அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு.

மீம் விஷயம் கட்டாயம் சொல்லணும். செப்டம்பர் கடைசி வாரம் வந்தா போதும், அந்தப் பாடகரை எழுப்புங்கப்பான்னு ஜோக் ஊர் முழுக்க ஓடும். அக்டோபர் ஒண்ணாந்தேதி காலையில எங்க டீம் சாட்லயே வந்துச்சு, பத்து பேர் சிரிச்சு எமோஜி போட்டிருந்தாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. போட்டவனுக்கு ஒரு பாவமும் தெரியாது, எங்க அப்பா போன மாசம்தான் போனாருன்னும் தெரியாது, ஏன்னா நான் யார்கிட்டயும் சொல்லல. பாட்டு பேரையும் பேண்ட் பேரையும் எல்லா ஆப்லயும் மியூட் லிஸ்ட்ல போட்டுடலாம், செப்டம்பர் 25 வாக்குல போட்டு அக்டோபர் முதல் வாரம் எடுத்துட்டா போதும். பிளேலிஸ்ட் தானா அடுத்த பாட்டுக்குத் தாவுறதையும் நிறுத்தி வைங்க. ஒரு சோகப் பாட்டை நாலு தடவை கேட்டீங்கன்னா அந்த மெஷின் உங்களை விடாது, வரிசையா சாவுப் பாட்டாவே கொண்டு வந்து கொட்டும்.

அடுத்த வருஷம் செப்டம்பர் வருதேன்னு ஜூலையில இருந்தே பயந்துக்கிட்டு இருந்தேன். ஆனா நமக்குத் திதிதானே கணக்கு. 2024ல கோகுலாஷ்டமி ஆகஸ்ட் 26, மறுநாள் திதி, ஊர்ல எல்லாம் முடிஞ்சுருச்சு, செப்டம்பர் இன்னும் பொறக்கவே இல்ல. இருபது வருஷமா இங்கிலீஷ் மாசத்தைக் கட்டிக்கிட்டு அழுத பாட்டை வச்சு நான் காலண்டர் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். சிரிப்பும் வந்துச்சு. அதே செப்டம்பர் 20ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ ஓரக்கிள் பார்க்ல கிரீன் டே கச்சேரி, அமெரிக்கன் இடியட் வந்து 20 வருஷம்ங்கிறதால அந்த டூர்ல முழு ஆல்பத்தையும் பாடினாங்க. கடைசி நேரத்துல, ஏற்கனவே வாங்கினவங்க திருப்பி விக்கிற டிக்கெட்டை வாங்கினதுல கட்டணம் அது இதுன்னு சேர்த்து 260 டாலர் ஆயிடுச்சு, போறதுன்னு முடிவு பண்ணினா முன்னாடியே வாங்கிடுங்க. பாட்டு வந்தப்போ சுத்தியும் ஆயிரக்கணக்கான போன் லைட். முன்வரிசையில ஒரு ஜோடி சிரிச்சு செல்ஃபி எடுக்குது, பக்கத்துல ஒரு பெரியவரு கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாரு. கண்டிப்பா அழுவேன்னு கர்சீப் எல்லாம் எடுத்துட்டுப் போயிருந்தேன், வரல. அடுத்த பாட்டு ஆரம்பிச்சப்போ கால் வலிதான் தெரிஞ்சுச்சு.

கடைசியா ஒரு விஷயம், இதுலயும் நேரம் நிறைய போச்சு. திதிக்கு அப்பா போட்டோவெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ பண்ணி, பின்னணியில இந்தப் பாட்டையே வச்சு நெட்ல ஏத்தினேன், சொந்தக்காரங்களுக்கு மட்டும் லிங்க். கொஞ்ச நேரத்துலயே பாட்டு உரிமை எங்களோடதுன்னு காப்பிரைட் கிளைம் வந்து, அப்பா ஸ்கூட்டர்ல உக்காந்திருக்கிற போட்டோவுக்கு நடுவுல மெத்தை விளம்பரம் ஓடுது. லிங்க் இருக்கிறவங்க மட்டும் பாக்குற மாதிரி வச்சாலும் அந்த மெஷின் பாட்டைக் கண்டுபிடிச்சுடும், நீங்களே கிட்டார்ல வாசிச்சுப் போட்டாலும் சில நேரம் பிடிக்கும். மதினி பாத்துட்டு, "தம்பி, மாமாவுக்கு இது என்ன பாட்டுன்னே தெரியாதே, அவரு கேக்குற டி.எம்.எஸ். பாட்டு எதையாவது போடுங்க"ன்னாங்க. அதுவும் சரிதான்னு மாத்தினேன், அதுக்கும் கிளைம் வந்துச்சு. அப்புறம் ஃபைலை டிரைவ்ல போட்டு ஃபேமிலி குரூப்ல அனுப்பிட்டேன். நீங்க முதல்லயே அப்படிப் பண்ணிடுங்க.